அவள் கணினியில் இன்னும் மே மாதம்

ஜூலை 3, வியாழன்

தண்ணீர் கேன்காரரிடம் இரண்டு கேன் வாங்கினேன். ஒன்று போதும் என்பது அவர் படியிறங்கிப் போன பிறகுதான் உறைத்தது.

அலமாரியைத் துடைக்க வகுளாவின் லேப்டாப்பை எடுத்து மேஜைமேல் வைத்தேன். அவள் போனதிலிருந்து யாரும் அதைத் தொடவில்லை. வைத்த கையே பவர் பட்டனையும் அழுத்தியது. சார்ஜ் இல்லை. வயரைச் செருகி மறுபடி அழுத்தினேன். கருப்புத் திரையில் எழுத்துகள் விறுவிறுவென ஓடி ஓரிடத்தில் நின்றன. டிஸ்க்கைக் காணோமாம். அதற்குக் கீழே கர்சர் மட்டும் துடித்துக்கொண்டிருந்தது.

பழுது என்னவென்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. எத்தனையோ நாளைக்குப் பிறகு எனக்கு விடை தெரிந்த ஒரு கேள்வி.

சாப்பிட்டேன். தயிர்சாதம்.

ஜூலை 5, சனி

ஆபீஸிலிருந்து ஸ்டீபன் கூப்பிட்டான். லீவு முடிந்துவிட்டதைச் சொல்லத்தான் கூப்பிட்டான். சொல்ல முடியாமல் கிரிக்கெட், மதுரை வெயில் என்று சுற்றினான். பாவமாக இருந்தது. பேச்சை மாற்ற நானே லேப்டாப்பைப் பற்றிச் சொன்னேன்.

"பார்ட்டிஷன் எப்படி?"

"ரூட் தனி, யூஎஸ்ஆர் தனி, ஹோம் தனி. பூட் தனி, ஸ்வாப் தனி."

"டேய், இந்தக் காலத்துல யாருடா யூஎஸ்ஆரத் தனியாப் பிரிக்கிறது? டைனோசர் காலத்துப் பழக்கம். எந்த லூசு போட்டுக் குடுத்தான்?"

"வகுளா."



"சாரிடா. அவங்க போட்டிருந்தா ஏதாவது காரணம் இருக்கும்."

இருந்தது. ஒரு டப்பா கெட்டுப்போனால் மற்றதாவது பிழைக்கட்டும் என்பாள். ஃப்ரிட்ஜிலும் அப்படித்தான். இரண்டு ஸ்பூன் சட்னிக்குக்கூடத் தனி டப்பா, தனி மூடி.

டிஸ்க்கை இப்படிப் பார்ட்டிஷன்களாகப் பிரித்து வைப்பதில் ஒரு சிக்கல் உண்டு. கணினி கண் விழிக்கும்போது எந்தப் பார்ட்டிஷன் எங்கே இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. தேடுவதற்கு வேண்டிய கருவிகளும் அந்தப் பார்ட்டிஷன்களுக்குள்ளேயே கிடக்கும். சாவியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திக்கொண்ட மாதிரி. அதனால் முதலில் ஒரு குட்டி லினக்ஸை மெமரியில் ஏற்றுவோம். பூட் இமேஜ் என்பது அதுதான். அது டிஸ்க்கைத் தேடிப் பிடித்து, எல்லாவற்றையும் அதனதன் இடத்தில் மாட்டிவிட்டு, பெரிய லினக்ஸிடம் வீட்டைக் கொடுத்துவிட்டுத் தன்னைத் தானே அழித்துக்கொள்ளும்.

வகுளா கடைசியாகப் புது கெர்னல், அதாவது லினக்ஸின் மையப் பகுதி, போட்டிருக்கிறாள். அதற்கான பூட் இமேஜைக் கட்டவில்லை. நேரம் இருந்திருக்காது.

ஜூலை 6, ஞாயிறு

பென் டிரைவிலிருந்து வேறொரு லினக்ஸை ஏற்றி அவள் டிஸ்க்கை வெளியிலிருந்து எட்டிப் பார்த்தேன். எந்தப் பார்ட்டிஷனையும் மவுன்ட் செய்யவில்லை. அதாவது, எதையும் திறக்கவில்லை. நல்லவேளை.

மெமரி நிரம்பினால் மிச்சத்தைக் கொட்டி வைக்கிற ஸ்வாப் பார்ட்டிஷனின் தலையில் வழக்கமாக இருக்க வேண்டிய குறி இல்லை. தூக்கத்தின் குறி இருந்தது.

அவள் லேப்டாப்பை அணைக்கவே இல்லை. ஹைபர்னேட் செய்திருக்கிறாள். மெமரியில் இருந்தது அத்தனையும், திறந்திருந்த ஜன்னல்கள், பாதியில் விட்ட வேலை, கர்சர் நின்ற இடம் உட்பட, அப்படியே ஸ்வாப்பில் கொட்டப்பட்டுத் தூங்கிக்கொண்டிருக்கிறது.

மே 27. செவ்வாய். மதியம் கரண்ட் போயிருந்தது. அவளுக்குக் காய்ச்சல் நிற்காமல் ஏறிக்கொண்டிருந்தது. லேப்டாப் பேட்டரி பழசு, தாங்காது. "நீ போய் ஆட்டோவப் பிடி நவநீ, நான் இதத் தூங்க வச்சுட்டு எறங்குறேன்" என்றாள். நான் இறங்கிப் போய் ஆட்டோ பிடித்தேன். டெங்கு என்று மறுநாள் சொன்னார்கள்.

ஆக, அந்த மதியம் இன்னும் ஸ்வாப்பில் இருக்கிறது. எழுப்ப முடியும். ஒரே நிபந்தனை, எழுப்பும் முன் வேறு எந்தப் பார்ட்டிஷனையும் திறக்கக்கூடாது. அவள் ஃபைல்கள் இருக்கிற ஹோமை ஒருமுறை திறந்து மூடினாலே போதும், தூங்குகிற மெமரி நம்புகிற டிஸ்க் ஒன்று, கையில் இருக்கிற டிஸ்க் வேறு என்றாகிவிடும். எழுந்த அடுத்த நொடி எல்லாம் சிதைந்துபோகும்.

வியாழக்கிழமை அது டிஸ்க்கைக் கண்டுபிடித்துத் திறந்திருந்தால் அந்தத் தூக்கம் அன்றே அழிந்திருக்கும். எனக்குத் தெரிந்துகூட இருக்காது.

ஜூலை 8, செவ்வாய்

எழுந்ததும் ஸ்வாப்பில் உள்ள தூக்கம் அழிந்துவிடும். ஒரே ஒரு தடவைதான். அதனால் முதலில் டிஸ்க் முழுவதையும் இன்னொரு டிஸ்க்கில் நகல் எடுத்தேன். பகல் முழுக்க ஓடியது. நகல் இல்லாமல் எதையும் தொடாதே என்பது இந்த வேலையில் சேர்ந்தவுடன் சொல்லிக் கொடுப்பது.

சிலிண்டர் வந்தது. "அக்கா இல்லீங்களா?" என்றார் கொண்டுவந்தவர். "இல்ல" என்றேன்.

ஜூலை 9, புதன்

பூட் பார்ட்டிஷனை மட்டும் தொடலாம். வகுளா அதைத் திறந்தே வைக்க மாட்டாள், தேவைப்படும்போது மட்டும் திறப்பாள். தூங்குகிற மெமரிக்கு அதைப் பற்றிய நினைவே இருக்காது. உள்ளே பழைய கெர்னல் பத்திரமாக இருந்தது. அன்று ஓடிக்கொண்டிருந்ததும் அதுதான்.

அதற்கு ஒரு பூட் இமேஜ் கட்டினேன். டிஸ்க்குக்கான டிரைவர், ஒரு குட்டி ஷெல், ஒரு ஸ்கிரிப்ட். பழக்க தோஷத்தில் ரூட்டை முதலில் மவுன்ட் செய்து, யூஎஸ்ஆரை அடுத்து மவுன்ட் செய்து, கடைசியில் ஸ்வாப்பைப் பார்க்கும்படி எழுதிவிட்டேன். படித்துப் பார்த்தபோதுதான் கண்ணில் பட்டது. எல்லாவற்றையும் அடித்துவிட்டு, முதல் வரியிலேயே ஸ்வாப்பைப் பார் என்று எழுதினேன். தூக்கம் இருந்தால் எழுப்பு. இல்லாவிட்டால் அப்படியே நில், எதையும் தொடாதே.

ஜூலை 10, வியாழன்

எழுந்தது.

கருப்பாக இருந்த திரையில் வெளிச்சம் வந்தது. மங்கலான வெளிச்சம். தலைவலி என்று அவள் குறைத்து வைத்திருந்த வெளிச்சம். மேல் மூலையில் மே 27, மூன்றே கால். அப்படியே ஒரு நொடி நின்றுவிட்டு ஜூலை 10க்குத் தாவியது.

மவுஸின் அம்பு திரையின் இடது ஓரத்தில், அவள் கை விட்ட இடத்தில் இருந்தது. நான் மவுஸைத் தொடவில்லை.

ஒரு ஜன்னலில் புது கெர்னல் போட்டு முடிந்த செய்தி. இன்னொன்றில் நிலவேம்புக் கஷாயம் எப்படிக் காய்ச்சுவது என்ற பக்கம். முன்னால் இருந்தது அவள் தன் அப்பாவுக்காக எழுதிய மெசேஜ் புரோகிராம். மாமா வரதராஜுலுவுக்கு ராஜபாளையத்தில் ஸ்பின்னிங் மில்லில் வேலை பார்த்தே காது போய்விட்டது. போனில் பேச முடியாது. அதனால் வகுளா இங்கே தட்டினால் அங்கே அவர் போனில் பெரிய பெரிய எழுத்தில் வந்து நிற்கும்படி செய்திருந்தாள். ஜன்னலில் அன்றன்றைய பேச்சு மட்டும்தான் இருக்கும்.

அதில் அவள் எழுதியது ஒரே வரி. "நைனா, வரேன்." கரண்ட் இல்லாததால் அன்று வைஃபையும் இல்லை, பக்கத்தில் அனுப்பக் காத்திருக்கும் கடிகாரக் குறி. கீழே எழுதும் பெட்டியில் அடுத்த வரியைத் தொடங்கியிருக்கிறாள். "மறக்காம". அதோடு நிற்கிறது. அதன் வாலில் கர்சர்.

எவ்வளவு நேரம் பார்த்தேன் என்று தெரியவில்லை. நடுவில் வைஃபை தானாகப் பிடித்துக்கொண்டது. கடிகாரக் குறி போய் ஒரு டிக் வந்தது. நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்தேன். நகலை மறுபடி டிஸ்க்கில் கொட்டினேன். மாலைக்குள் மே 27 தயார்.

ஜூலை 11, வெள்ளி

சரியாக வேலை செய்கிறதா என்று இன்னொரு முறை சோதித்தேன். செய்கிறது. மூன்றே கால். மறக்காம.

ஜூலை 12, சனி

சோதனை.

ஜூலை 14, திங்கள்

சோதனை. காபி போட்டு எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மே 27 என்று காட்டுகிற அந்த ஒரு நொடியில் சமையலறையில் குழாய் ஒழுகும் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தேன். இறுக்கித்தான் மூடியிருந்தது.

ஜூலை 15, செவ்வாய்

சோதனை. இட்லி மாவு புளித்துவிட்டது, கொட்டினேன்.

ஜூலை 16, புதன்

பத்மஜா மதினி பேசினார். வகுளாவின் அக்கா. மாமாவுக்கு அடுத்த வீடு.

"தம்பி, சாப்பிட்டீங்களா? ஒரு விஷயம். நைனாவ நெனச்சாத்தான் கவலையா இருக்கு."

"என்ன மதினி?"

"காலைல எந்திரிக்கிறாரு, குளிக்கிறாரு, வெள்ளச் சட்டையப் போட்டுக்கிட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போயிடறாரு. தெனமும். மதுர பஸ் ஒவ்வொண்ணா பாத்துட்டு மத்தியானம் வீட்டுக்கு வாறாரு. கேட்டா பதிலே கிடையாது. காது கேக்கலங்கிறது அவருக்கு ஒரு வசதி."

"எப்போலேருந்து?"

"போன வெள்ளியிலேருந்து."

வெயில் நேரத்தில் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொன்னேன்.

ஜூலை 17, வியாழன்

ஆடி பிறந்துவிட்டது. தெருமுனை அம்மன் கோயிலில் காலையிலேயே ஸ்பீக்கர் கட்டிவிட்டார்கள்.

இன்று எழுப்பிவிட்டு உடனே அணைக்காமல் உட்கார்ந்திருந்தேன். இதுவரை டிக் விழுந்த பிறகு அதிக நேரம் விட்டதில்லை. டிக் விழுந்து சிறிது நேரம் கழித்து, அந்த ஜன்னலில் ஒன்றன்பின் ஒன்றாக வரிகள் வந்து விழுந்தன. இத்தனை நாளாக சர்வரில் சேர்ந்து கிடந்தவை. மாமாவுடையவை.

"வரியா"

"சரிம்மா"

"பஸ் ஸ்டாண்டுல இருக்கேன்"

"மதுர பஸ் வந்துச்சு நீ எறங்கல"

"அடுத்த பஸ்ஸும் பாத்தேன்"

"இன்னைக்கும் வரேன்னு போட்டிருக்க சரி வாரேன்"

"நீ எழுதிக்கிட்டு இருக்கேன்னு காட்டுது எழுதி முடி இருக்கேன்"

பெட்டியில் பாதி வார்த்தை இருந்தால் எதிர்ப்பக்கத்துப் போனில் 'வகுளா எழுதிக்கொண்டிருக்கிறார்' என்று காட்டும். அவள் செய்து வைத்த வசதி. காத்திருந்த 'வரேன்' நான் எழுப்பும்போதெல்லாம் புதிதாகப் போயிருக்கிறது. நான் காபி குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒவ்வொரு காலையிலும், அங்கே அவள் எழுதிக்கொண்டிருந்திருக்கிறாள்.

ஸ்பீக்கரில் பாட்டு மாறியது. அணைத்தேன்.

ஜூலை 18, வெள்ளி

எழுப்பியதோடு சரி. எதுவும் தட்டவில்லை.

ஜூலை 19, சனி

இன்று அவரிடமிருந்து வந்தவற்றில் புதிதாகச் சில.

"தின்னேன்மா ரெண்டு இட்லி"

"குடை கொண்டாந்துட்டேன்"

"சரி நாளைக்கு"

யாருக்குப் பதில் சொல்கிறார் என்று பார்த்தால், அவள் பக்கத்தில் 'வரேன்' ஒன்றுதான் இருக்கிறது. வேறு எதுவும் இல்லை. நேற்று தட்டியது எதுவும் அங்கே இருக்காது. நகலுக்கு நேற்று என்று ஒன்று கிடையாது.

ஸ்டீபன் இரண்டு முறை கூப்பிட்டான். எடுக்கவில்லை. எடுத்தால் பேச வேண்டியிருக்கும், பேச்சில் கீபோர்டில் கை பட்டுப் பெட்டியில் இருக்கும் வார்த்தை கலைந்துவிடும்.

ஜூலை 20, ஞாயிறு

மதினி அழுதுகொண்டே பேசினார்.

"பஸ் ஸ்டாண்டுல மயங்கி விழுந்துட்டாரு தம்பி. டீக்கடைக்காரரு ஆட்டோல வச்சுக் கொண்டாந்து விட்டாரு. முட்டில அடி, நல்லவேள தல தப்பிச்சுச்சு. நாளைக்குப் போகாத நைனான்னு எழுதிக் காட்டுனேன். போன எங்கிட்ட நீட்டுறாரு. அவ பேரு போட்டு எழுதிக்கொண்டிருக்கிறார்னு வந்துச்சு தம்பி. என் கண்ணால பாத்தேன். அந்த மூணு புள்ளி ஆடிக்கிட்டே இருக்கு. எனக்கு உடம்பெல்லாம் உதறுது. இது என்னது தம்பி? உங்களுக்குத்தான் கம்ப்யூட்டர் தெரியுமே."

அவர் பேசும்போது லேப்டாப் எனக்கு முன்னால் விழித்திருந்தது.

"பாக்கறேன் மதினி" என்றேன்.

நான் நிறுத்தாவிட்டால் மாமா நாளைக்கும் போவார். முட்டிக்கு அப்புறம் தலை. நிறுத்தினால் அந்த மூன்றே கால் எனக்குக் கிடையாது. இதைத் திரும்பத் திரும்ப எழுதிப் பார்த்தேன். எந்தப் பக்கமும் நகரவில்லை.

ஜூலை 21, திங்கள்

எழுப்பவில்லை. துணி துவைத்தேன். காய்ந்ததை மடித்தேன். மடித்ததை மறுபடி துவைக்கலாமா என்று தோன்றியது.

ஜூலை 22, செவ்வாய்

காலையில் மாட்டுத்தாவணி போய் பஸ் ஏறினேன். ராஜபாளையத்தில் பஸ் நுழையும்போதே ஜன்னல் வழியாகத் தெரிந்தார். வெள்ளைச் சட்டை, முட்டியில் கட்டு, மடக்கிய குடை. பஸ்ஸிலிருந்து இறங்குகிற ஒவ்வொரு முகத்தையும் பார்த்துக்கொண்டிருந்தார். என் முகம் வந்தபோது பார்வை அதைத் தாண்டிப் போகவில்லை.

"வந்துட்டீங்களா மாப்ளே" என்றார். காது கேட்காதவர் குரல் ஊருக்கே கேட்கும். இரண்டு கண்டக்டர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "வாங்க, மொதல்ல டீ குடிப்போம்."

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தோம். நான் என் போனில் பெரிய எழுத்தில் தட்டி அவரிடம் நீட்டினேன். மாமா, வகுளா வரவில்லை. அது அவளுடைய கம்ப்யூட்டர். நான்தான்.

படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சிரித்தார்.

"எனக்குக் காதுதான மாப்ளே கேக்காது." தன் போனை எடுத்து விரலால் தள்ளித் தள்ளிக் காட்டினார். "இந்தா பாருங்க. சாப்பிட்டீங்களா. வெயில்ல நிக்காதீங்க. குடை எடுத்துட்டுப் போங்க. எம் மக என்னைய என்னைக்கு நீங்க வாங்கன்னா? எங்க வீட்டுல நைனாவ நீ வா போன்னுதான் பேசும். இத்தன மரியாத குடுக்கற ஆளு எனக்கு ஒருத்தருதான் இருக்காரு."

என் அப்பாவை நான் 'நீ' என்று கூப்பிட்டதே இல்லை. கை அதன் பழக்கத்தில் தட்டியிருக்கிறது. எதுவும் தட்டவில்லை என்று இங்கே எழுதி வைத்தது பொய்.

தெரிந்துமா தினமும் வந்தீர்கள் என்று தட்டினேன்.

"இது மட்டும் அவளோடது." முதல் வரியைத் தொட்டார். நைனா, வரேன். "மொத நாளு நெசமாவே வாரான்னு ஓடியாந்தேன். பைத்தியக்காரன் மாதிரி. கருமாதி பண்ணுன கையி இது. இருந்தாலும் கால் நிக்கல. வீட்டுக்குப் போய் உக்காந்து யோசிச்சுப் பாத்தா, அன்னைக்கு ஆஸ்பத்திரிக்குக் கெளம்பறப்பப் போட்டிருக்கா. மேலுக்கு முடியாத பிள்ள எதுக்கு ஊருக்கு வாறேன்னு போடும்? கெளம்பறேன் நைனான்னு சொல்லியிருக்கா. வீட்ட விட்டுப் போறப்ப யாராவது போறேன்னு சொல்லுவாங்களா மாப்ளே? வரேன்னுதான சொல்லுவோம்."

டீ ஆறிக்கொண்டிருந்தது. நான் அந்த வார்த்தையை எத்தனையோ காலையில் பார்த்திருக்கிறேன். எனக்கு ஒருமுறைகூட அப்படிப் படிக்கத் தோன்றவில்லை.

"அப்புறம் எதுக்கு வந்தீங்க?" என்று வாயாலேயே கேட்டுவிட்டேன். உதட்டைப் படித்துவிட்டார்.

"நீங்க அங்க ஒத்தையில உக்காந்து அவ பேருல எனக்கு எழுதிக்கிட்டு இருக்கீங்க. நெறுத்துங்கன்னு எழுதலாம்னு பாத்தேன். எழுதுனா அதையும் நெறுத்திட்டு நீங்க என்ன பண்ணுவீங்களோன்னு இருந்துச்சு. எழுதறவரு என்னைக்காவது ஒருநாள் பஸ்ஸேறி வந்து எறங்குவாருல்ல? அதான் வந்து நின்னேன்."

டீக்கடைக்காரர் கிளாஸ்களை எடுக்க வந்து, அப்படியே போய்விட்டார்.

"இன்னும் ரெண்டு நாளு வராட்டி நானே மதுரைக்குக் கெளம்பியிருப்பேன். கண்டக்டர் சத்தம் கேக்காது, திருமங்கலத்துலயே எறங்கித் தொலைஞ்சிருப்பேன்" என்றார். "அவ கம்ப்யூட்டர ஒருக்கா எனக்குக் காட்டுறீங்களா?"

ஜூலை 23, புதன்

மாமா நேற்றே என்னுடன் வந்துவிட்டார். காலையில் குளித்து, அதே வெள்ளைச் சட்டையோடு மேஜைமுன் உட்கார்ந்தார்.

எழுப்பினேன். மங்கலான வெளிச்சம். மே 27, மூன்றே கால். தாவியது. மாமா அம்பைக் காட்டி, "இது அவ வச்ச எடமா?" என்றார். ஆமாம் என்று தலையாட்டினேன். விரலை அதனருகில் கொண்டுபோய்த் திரையைத் தொடாமல் நிறுத்திக்கொண்டார்.

டிக் விழுந்தது. அவர் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்க்கவில்லை. பெட்டியில் இருந்த வார்த்தையைப் படித்துக்கொண்டிருந்தார்.

"மறக்காம என்னாவாம்?"

தெரியாது என்று கை விரித்தேன். பிறகு, மாத்திரையாக இருக்கும் என்று தட்டிக் காட்டினேன்.

"ம்ஹூம். மோட்டாரா இருக்கும். நான் போட்டுட்டு மறந்துருவேன். மேல தொட்டி நெறஞ்சு தெருவெல்லாம் ஓடும். சத்தம் எனக்கு எங்க கேக்குது? எதுத்த வீட்டுக்காரி வந்து மூஞ்சிக்கு நேரா நின்னு வஞ்சாத்தான் தெரியும்." சிரித்தார். சிரித்து முடித்த பிறகும் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது.

பிறகு போனை எடுத்து ஒற்றை விரலால், ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டினார். அவள் ஜன்னலில், அவருடைய பழைய வரிகளுக்கெல்லாம் அடியில் வந்து விழுந்தது.

"போய்ட்டு வாம்மா"

என்னைப் பார்த்தார். நான் பவர் பட்டனை அழுத்திப் பிடித்தேன். திரை கருத்தது. ஃபேன் நின்றது.

மாமா போனை என் பக்கம் திருப்பினார். வகுளா எழுதிக்கொண்டிருக்கிறார். மூன்று புள்ளிகள் ஆடிக்கொண்டிருந்தன.

லேப்டாப் அணைந்திருந்தது. வயரையும் பிடுங்கினேன். புள்ளிகள் ஆடின.

காரணம் எனக்குத் தெரியும். சொல்லாமல் கொள்ளாமல் அணைத்தால் சர்வருக்கு விஷயம் தெரியக் கொஞ்ச நேரம் ஆகும். அதுவரை பழைய நிலையே காட்டும். இதைத் தட்டி மாமாவிடம் காட்டியிருக்கலாம். நான் தட்டவில்லை. அவரும் கேட்கவில்லை. இதற்கு முன்னால் அணைத்தபோதெல்லாம் அந்தப் பக்கம் இப்படித்தான் இருந்திருக்கும். நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோதும், மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தபோதும் அவள் எழுதிக்கொண்டே இருந்திருக்கிறாள்.

போனை மேஜைமேல் வைத்துவிட்டு இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். நான் எதற்கோ ஜன்னல் பக்கம் திரும்பிய நேரத்தில், "நின்னுருச்சு" என்றார்.

ஜூலை 24, வியாழன்

புது கெர்னலுக்கான பூட் இமேஜைக் கட்டினேன். அவள் கட்டாமல் விட்டது. இதில் ஸ்வாப்பைப் பார்க்கிற வரி இல்லை. முதலில் ரூட், அடுத்து யூஎஸ்ஆர், பிறகு கைமாற்றம். சாதாரண வேலை. நூறு தடவை செய்திருக்கிறேன். யூஎஸ்ஆரின் அடையாள எண்ணைத் தப்பாக அடித்து மூன்று முறை பாதியில் நின்றது.

நாலாவது முறை எழுத்துகள் நிற்காமல் ஓடின. ஹோம் திறந்தபோது, அன்று பாதியில் கிடந்த தற்காலிக ஃபைல்களுக்கு இனிமேல் யாரும் சொந்தமில்லை என்று கண்டுபிடித்து அழித்தது. இந்த மாதிரி ஃபைல்களுக்கு எங்கள் தொழிலில் அநாதை என்று பெயர். வரிசையாக அநாதை, அநாதை என்று ஓடிக்கொண்டிருந்தது. மாமா பக்கத்தில் நின்று பார்த்தார். ஆங்கிலத்தில் இருந்ததால் அவருக்குப் புரியவில்லை. நான் மொழிபெயர்க்கவில்லை.

அவளுடைய டெஸ்க்டாப் வந்தது. தேதி ஜூலை 24. திறந்த ஜன்னல் ஒன்றும் இல்லை. அம்பு திரையின் நடுவில் இருந்தது.

"அவ்வளவுதானா?" என்றார் மாமா.

தலையாட்டினேன்.

"இன்னொண்ணு எங்கயாச்சும் எடுத்து வச்சிருப்பீங்களே. நீங்க அப்படி விடற ஆளு இல்லையே."

பொய் சொல்ல வரவில்லை. அலமாரியைக் கைகாட்டினேன்.

அலமாரியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அது உங்க இஷ்டம் மாப்ளே. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். எம் போனுக்கு மட்டும் வர வேண்டாம்" என்று சொல்லிவிட்டு ஹாலுக்குப் போனார்.

ஜூலை 25, வெள்ளி

மாமா காலையில் நடந்துபோய்க் கீரை வாங்கி வந்தார். பேரம் பேசினாராம். கீரைக்காரம்மா சொன்னது ஒன்றும் கேட்காததால் இவர் சொன்ன விலைக்கே கொடுத்துவிட்டாராம்.

ஸ்டீபனை நானே கூப்பிட்டேன். திங்கட்கிழமை வருகிறேன் என்றேன். "மெதுவா வாடா" என்றான். பிறகு, "உன் சீட்டுல இருந்து சார்ஜர நான்தான் எடுத்தேன், வச்சிடறேன்" என்றான்.

அலமாரியிலிருந்து நகல் டிஸ்க்கை எடுத்தேன். இது இருக்கிறவரை நான் எந்தக் காலையிலும் மூன்றே காலுக்குப் போகலாம். வைஃபையைப் பிடுங்கிவிட்டால் மாமாவுக்கு எதுவும் போகாது. யாருக்கும் தெரியாது. அம்பு ஓரத்தில் இருக்கும். மறக்காம என்று இருக்கும். இதையெல்லாம் நேற்று மதியத்திலிருந்து யோசித்து வைத்திருந்தேன்.

அழிக்க முடியவில்லை. அழி என்ற கட்டளையை அடித்துவிட்டு, என்டரைத் தட்டாமல் எழுத்தெழுத்தாகத் திரும்ப அழித்தேன். இரண்டு முறை.

பிறகு வேறு கட்டளை அடித்தேன். லேப்டாப்பின் டிஸ்க், இன்று இருக்கிறபடி. நகல் போக வேண்டிய இடம், இந்த டிஸ்க். வீட்டில் வேறு காலி டிஸ்க் இல்லை. அவளுடைய ஹோமில் அவள் எழுதிய புரோகிராம்கள் எல்லாம் இருக்கின்றன, நகல் இல்லாமல் விடக்கூடாது.

என்டர்.

தொடக்கத்திலிருந்து வரிசையாக எழுதிக்கொண்டு போகிறது. பூட் முடிந்துவிட்டது. இப்போது ஸ்வாப்பின் மேல் ஏறிக்கொண்டிருக்கும். நடுவில் நிறுத்தினாலும் இனி எழாது.

சமையலறையில் மாமா ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து மூடுகிற சத்தம் கேட்கிறது. டப்பாவை இவ்வளவு ஓங்கி வைப்பது அவருக்குத் தெரியாது. "மாப்ளே, சீனி எதுல இருக்கு?" என்று கத்துகிறார். எனக்குத் தெரியவில்லை. போய் இரண்டு பேருமாகத் தேட வேண்டும்.